கெய்வனுக்கு ஒரு துணை

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை அதை ஒரு தாளில் எழுதி நான் செய்த காரியம் போதும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா என்றே இருக்கட்டும். எண்பதுகளின் கடைசியில், ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். அவள் மிளகாய் தாளித்தால் நான் இருமுவேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தால் அவள் வீட்டு ரேடியோவில் சத்தம் கூடும். நாங்கள் பேசுவது தன் காதில் விழக்கூடாது என்றுதான் கூட்டுவாள். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவள்.

அக்காவுக்கு ஒரு குணம். தூங்குகிற எதையும் எழுப்பமாட்டாள். மனுஷரானாலும் சரி, கோழியானாலும் சரி. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ, படுத்திருக்கிறார்களோ, அது அவர்கள் இடம். இடைஞ்சல் என்றால் இவள்தான் நகர்ந்துகொள்வாள். கேட்கிறவர்கள் நல்ல குணம் என்பார்கள். பக்கத்திலேயே இருந்து பார்த்தால் அலுத்துப்போகும். எனக்கு அலுத்தது.

ஒரு தடவை அவளோடு திருமழிசைக்குப் போனேன். அவள் பிறந்த ஊர். தங்கச்சி பெண்ணுக்குக் காதுகுத்து. பூந்தமல்லியில் பஸ் மாறினோம். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண், யாரோ எவளோ, இரண்டு நிமிஷத்தில் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருமழிசை வந்தது. நான் எழுந்து நின்று, "எக்கா, எறங்குங்க" என்றேன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் அந்தப் பெண்ணைக் காட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் தானாக முழித்துக்கொண்டு எழுந்தது வெள்ளவேட்டில். அங்கே இறங்கி, வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று, திரும்பி வருகிற பஸ்ஸைப் பிடித்தோம்.

"ஒரு வார்த்த சொல்லி எழுப்பினா என்ன கொறஞ்சா போயிரும்?" என்று கேட்டேன். எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது.

"வாய தொறந்துகினு தூங்கிச்சுமா. எந்த ஊட்ல எத்தினி மணிக்கு எய்ந்துதோ. எப்டி எய்ப்புறது?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை காது குத்தி, அழுது முடித்து, தூங்கியும் விட்டது. அதையும் எழுப்பாமல் பார்த்துவிட்டு, மீந்த சோற்றைச் சாப்பிட்டு வந்தோம். அவள் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். சொந்த நிலம் கிடையாது. மாப்பிள்ளைக்கு ஃபேக்டரியில் வேலை என்றதும் ஊரே வாயைப் பிளந்ததாம். குவார்ட்டர்ஸ் என்றால் அவளுக்குச் சிமெண்டுத் தரை, ஃபேன், வாசலிலேயே குழாய். எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வீடு சின்னது என்று மூக்கைச் சுளிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த மாப்பிள்ளை நெஞ்சு வலி என்று ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. பிள்ளைகள் இல்லை. புருஷன் செத்தால் பெண்சாதிக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுப்பார்கள் என்று சொல்லி, மனு எழுதிக் கொடுத்தவள் நான்தான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்த வரிசையில் யாருக்கு லீவு லெட்டர், மனு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அக்காவுக்கு ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. வீடும் அவள் பெயருக்கே மாறியது. புருஷன் விட்டுப்போனதில் மிச்சம் அந்த வீடும் ஒரு நாயும்.

அது செம்பட்டை நிறத்தில் ஒரு நாட்டு நாய். குட்டியிலேயே நெற்றியில் சுருக்கம் இருந்ததாம், அதனால் கிழவன் என்று பெயர். அவள் வாயில் கெய்வன். பெயருக்கு ஏற்றபடி நிஜமாகவே கிழடு தட்டிவிட்டது. அவர் போன பிறகு அது கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வரவில்லை. சோற்றைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் தின்னும், இல்லாவிட்டால் இல்லை. துக்கம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எஜமான் போன துக்கத்தில் நாயும் போய்விடும் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அப்போது.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா இன்னொரு நாயோடு வந்தாள். ஆபீசர் பங்களா வரிசையில் யாரோ வடக்கே மாற்றலாகிப் போகும்போது கேட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டுப் போன நாய். தோட்டக்காரர் நாலு நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அடுத்த ஆபீசர் வரப்போகிறார், நாய் பிடிக்கிற முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்றிவிடு என்று அவருக்கு உத்தரவு. அக்கா வேலைக்குப் போகிற வழி அது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே போனாள், மூன்றாம் நாள் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள். முழங்கால் உயரம்கூட இல்லை. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு, முகத்தில் தேங்காய் நார் மாதிரி தாடி. சங்கிலி உரசிக் கழுத்தில் மயிர் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது டெரியர் சாதில்லா. வெள்ளக்காரன் எலி புடிக்க வளக்குறது" என்றார்.

"எலி புடிக்குதோ இல்லியோ, கெய்வனுக்குத் தொணையா இர்ந்துட்டுப் போவட்டும் சார்" என்றாள் அக்கா.

அதற்கு என்ன பெயரோ, அவளுக்குத் தெரியாது. தொர என்று வைத்தாள். துரைக்கு வா, போ என்றால் புரியாது. இங்கிலீஷில் கூப்பிட்டுப் பழக்கியிருப்பார்கள் போல. இரண்டு நாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தது. டீக்கடையில் பன் வாங்கிப் பிய்த்துப் போட்டாள். கிழவனோ கட்டிலுக்கு அடியிலிருந்து உறுமியபடியே கிடந்தது. துரை பதிலுக்குக் குரைக்கவில்லை. கட்டிலுக்கு வெளியே, மோவாயைத் தரையில் வைத்து, ஒரு பகல் முழுக்க அப்படியே படுத்திருந்தது. மூன்றாம் நாள் துரை கிழவனின் தட்டிலேயே வாய் வைத்து ரசம் சோறு தின்றது.

மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்க வந்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"பாயில ரெண்டும் ஒட்டிக்கினு தூங்கிச்சுங்க. நான் வெறுந்தரையில படுத்துக்கினேன்."

"தள்ளிவிட்டுட்டுப் படுக்க வேண்டியதுதானே. ஒங்க பாய்தானே?"

"பாவம், நாலு நாளு கேட்டாண்ட நின்னுகினு தூங்கினு இர்ந்துச்சாம். தோட்டக்காரரு சொன்னாரு."

ஒரு வாரத்தில் கிழவன் வீட்டுக்கு வெளியேயும் வந்தது. துரை முன்னால், கிழவன் பின்னால். பின்பக்கத் தோட்டத்தில் இரண்டும் வெயில் காயும். துரை எங்கள் வரிசையில் இருந்த பெருச்சாளிகளை எல்லாம் வளையைத் தோண்டித் தோண்டி ஒழித்தது. எல்லோருக்கும் அதன் மேல் பிரியம் வந்தது. நானே மீன் வாங்கினால் தலையை எடுத்து வைப்பேன். அப்புறம் அது குரைக்க ஆரம்பித்தது.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம். வாசல் கதவின் தாழ்ப்பாளில் துண்டு தொங்கினால், உள்ளே நைட் ஷிஃப்ட்காரர் தூங்குகிறார் என்று அர்த்தம். துண்டைப் பார்த்தால் கீரைக்காரி குரலை இறக்கிவிடுவாள். பால்காரர் மணியை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அக்கா இருக்கிறாளே, எங்கள் வாசலில் துண்டைப் பார்த்துவிட்டால் துணியைக்கூடக் கல்லில் அடிக்காமல் கும்மித் துவைப்பாள். மனுஷர்களுக்குத் துண்டு தெரியும். துரைக்குத் தெரியுமா?

அது குரைத்த மாதிரி ஒரு நாய் குரைத்து நான் கேட்டதில்லை. ஒரு தடவை குரைக்கும், நிறுத்தும். கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு தடவை. மறுபடி தள்ளிப் போய் இன்னொன்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டுக்குள்ளிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும் இப்படியே. தொடர்ந்து குரைத்தாலாவது காது பழகிவிடும். இது அடுத்தது எப்போது என்று காத்திருக்க வைத்தது.

என் வீட்டுக்காரருக்கு மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். காலை எட்டு மணிக்குப் படுத்தால் இரண்டு மணி வரைக்காவது தூங்க வேண்டும். ஒன்பதரைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார். கண் இரண்டும் கொவ்வைப்பழம். "ஏளா, அந்தச் சவம் எப்பதான் வாய மூடும்?" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாள் மெஷின் ஓடும்போதே நின்றபடி கண்ணயர்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் இழுத்திராவிட்டால் கை போயிருக்கும். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து அழுதேன்.

அக்காவிடம் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. "பகல்ல அதக் கட்டிப் போட்டுட்டுப் போங்கக்கா" என்றேன். சரி என்று மறுநாள் கட்டிப் போட்டாள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் மூன்று மணி வரை தூங்கினார். அதற்கு அடுத்த நாள் பார்த்தால் துரை மறுபடி அவிழ்ந்து திரிகிறது, மறுபடி குரைப்பு. நான் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். "மன்னிச்சுக்கமா. கட்டி வைக்க முடியல" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் நகர்ந்து கொடுக்கிறவள் எனக்கு மட்டும் நகரமாட்டேன் என்கிறாளே என்று ஆத்திரம்.

அந்த ஆத்திரத்தில்தான் எஸ்டேட் ஆபீசுக்குப் புகார் எழுதினேன். அச்சு மாதிரி கையெழுத்தில், அவள் பெயர், வீட்டு எண் எல்லாம் போட்டு. நைட் ஷிஃப்ட் வீடுகளில் எட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கினேன். என் வீட்டுக் கையெழுத்து மட்டும் இல்லை. பக்கத்து வீடு, முகத்தில் முழிக்க வேண்டுமே. எழுதியதும் நான், கையெழுத்துப் போடாமல் நழுவியதும் நான். அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் அவளுக்கு நோட்டீஸ் வந்தது. குவார்ட்டர்ஸில் ஒரு நாய்க்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது, பதினைந்து நாளில் ஒன்றை அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் நாய் வண்டிக்குத் தகவல் கொடுக்கப்படும். கூடவே புகாரின் நகல். புகாரையே சேர்த்து அனுப்புவார்கள் என்று நான் கண்டேனா?

அக்கா அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தாள். நோட்டீசையும் நகலையும் என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும். என் எழுத்தை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பதில் எய்தணும்மா. நீதான் எய்தணும்" என்றாள்.

நான் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

"உன் எய்த்து எனக்குத் தெர்யாதா? எனக்கு சோறு போட்ட எய்த்தாச்சே. பொட்டியில வச்சிருக்கேன் அந்த மனுவோட காப்பிய" என்றாள். குரலில் சூடே இல்லை. "உன் மேல ஒன்னும் இல்லமா. அவரு கை பூட்டிருக்கும். அதும் ஞாயம்தானே."

"எக்கா, ஒரு நாயத்தானே குடுக்கச் சொல்லுதாங்க. தொரய யாராவது நல்லவங்க கிட்ட…"

"கெய்வனுக்கு ரெண்டு கண்ணும் தெர்யாதுமா."

நான் நிமிர்ந்தேன்.

"கண்ணுல பூ வியுந்து போச்சு. அவரு போற முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா. துக்கம்னு நீங்கல்லாம் சொன்னீங்க, நானும் கம்முனு இர்ந்தேன். குருட்டு நாயின்னு தெர்ஞ்சா வண்டில ஏத்திடுவான்ல. இது வந்தப்புறம்தான் அது நடக்குது. தொர ஒரு கொரைப்பு கொரைக்கும், கெய்வன் அந்தப் பக்கம் நாலு அடி வைக்கும். அப்றம் தள்ளிப் போய் இன்னொன்னு கொரைக்கும். அப்டி அப்டியே தண்ணியாண்ட இட்னு பூடும். யாரு சொல்லிக் குட்த்தாங்கன்னு தெர்யல. நீ சொன்னேன்னு அன்னிக்குக் கட்டிப் போட்டேன் பாரு. நான் வர்றதுக்குள்ள கெய்வன் தோட்டத்துக்குப் பின்னாடி கால்வாயில வியுந்து கெடந்துச்சு. எம்மா நேரமோ. தொர சங்கிலிய இயுத்து இயுத்து கயுத்தெல்லாம் ரத்தம்."

நான் துரையின் குரைப்பை நினைத்துப் பார்த்தேன். ஒன்று, நிறுத்தம், தள்ளிப் போய் இன்னொன்று. சுவருக்கு இந்தப் பக்கம் மாதக்கணக்காக அதை எண்ணிக்கொண்டு கிடந்தவள் நான். புத்திக்கு உறைக்கவில்லை.

"நான் புகார வாபஸ் வாங்கிருதேன். எட்டு வீட்டுலயும் பேசுதேன்" என்றேன்.

"வேணாம். அவங்களும் தூக்கம் கெட்டவங்கதானே. எட்டு பேரு தூக்கத்த கெடுத்துட்டு நான் எப்டி இங்க இர்க்கறது? நான் சொல்றத எய்து. ஊட்ட காலி பண்ணிக்கிறேன்னு எய்து."

மறுத்தேன். அழுதேன். அவளுக்காக எட்டு வீட்டுப் படியும் ஏறினேன். போனால் போகட்டுமே என்றார்கள், எங்களுக்கு மட்டும் தூக்கம் வேண்டாமா என்றார்கள். கடைசியில் அவள் சொன்னதை எழுதிக் கொடுத்தேன். சொந்தக் காரணங்களுக்காக என்று போடச் சொன்னாள், போட்டேன். அவள் அடியில் தன் பெயரை மெதுவாக எழுதி முடிக்கிற வரைக்கும் நான் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திருநின்றவூரில் ஏரிப் பக்கம் ஒரு ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது. நாய்களைப் பற்றிக் கேட்காத வீட்டுச் சொந்தக்காரர். போகிற அன்று காலையில் சாமான் ஏற்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது. கட்டில், ரேடியோ, இரண்டு குடம், ஒரு பெட்டி, அவ்வளவுதான் சாமான். கிழவனைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். துரை பக்கத்தில். எங்கள் கதவில் அன்றைக்குத் துண்டு தொங்கியது. எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வண்டி எங்கள் வாசலைத் தாண்டும்போது அக்கா குனிந்து துரையின் வாயைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

அவள் போன மறுமாதம் என் வீட்டுக்காரருக்கு ஜெனரல் ஷிஃப்ட் போட்டார்கள். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அப்போதுதான் வந்தது. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவார். பகலில் தூங்க எங்கள் வீட்டில் ஆளே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்து கோலமும் போட்டாயிற்று.

நாலு மாதம் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன். ஷிஃப்ட் மாறிவிட்ட உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மறுபடி குவார்ட்டர்ஸ் கேட்டு மனுப் போடலாம், நானே எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா இளைத்திருந்தாள். விடியுமுன் எழுந்து சமைத்து, நாய்களுக்கு வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம் நடை. ரயிலில் நின்றபடியே தூங்கிப் பழகிவிட்டதாம். வீட்டில் ஃபேன் இல்லை, தண்ணீருக்குத் தெருமுனைக் கைப்பம்பு. என்னைப் பார்த்ததில் அவளுக்கு நிஜமான சந்தோஷம். டீ போட்டாள். மண் வாசலில் துரை ஒரு தடவை குரைத்தது. வேப்பமரத்தடியிலிருந்து கிழவன் எழுந்து, காற்றை முகர்ந்து, நாலு அடி வைத்தது. துரை தள்ளிப் போய் இன்னொன்று குரைத்தது. புது வீட்டைக் கிழவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு மாதம் ஆனதாம். இந்தச் சத்தத்தைக் கேட்டு இங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லையாம்.

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"உன் ஊட்டுக்காரரு இப்போ பகல்ல நல்லா தூங்குறாரா?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தூங்குதாருக்கா" என்றேன். "நல்லா தூங்குதாரு."

"அது போதும்மா" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். "அதுக்குத்தானே இம்மாந்தூரம் வந்தது."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் சொருகியது. தலை தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டாள். நான் டம்ளரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தேன்.